மிதித்தும் ஓடாத கார்: பிழை எங்கே இருக்கிறது?

சென்ற பனிக்காலத்தில் ஓர் இரவு. நேரம் பத்து மணி கடந்திருந்தது. ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவில் உள்ள தொழிற்சாலை ஒன்றுக்கு இரவு வேலைக்காகப் போய்க்கொண்டிருந்தோம். எமது காரில் மூன்று பேர். பகலில் பெய்த பனி உருகி, தெருவுக்குப் போட்ட உப்போடு சேர்ந்து 401 நெடுஞ்சாலை முழுவதும் சேறாகக் கிடந்தது. பாலம் ஒன்றின் இணைப்பில் கார் துள்ளி இறங்கியது. அவ்வளவுதான். அக்ஸிலேற்றரில் கால் இருக்கிறது, எஞ்சினும் ஓடுகிறது, ஆனால் கார் இழுக்கவில்லை. 100 கிலோமீற்றர் வேகத்தில் போன கார் 80, 60, 40 என்று இறங்கியது. பின்னால் வந்த பெரிய ட்ரக் ஹோர்ண் அடித்தபடி எம்மை விலத்திக்கொண்டு போனபோது காரே ஆடியது.

ஒருவாறு வலது கரைக்கு வந்து நிறுத்தினோம். ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திறப்பைத் திருப்பி நிறுத்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் ஸ்ராட் பண்ணினால் கார் ஒன்றுமே நடவாதது போல ஓடியது. வேலைக்கு 25 நிமிடம் பிந்திப் போனோம். ஏஜென்சி மூலம் கிடைத்த வேலை. இரண்டு மூன்று முறை பிந்தினால், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஒரு தொலைபேசி அழைப்போடு முடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்பி அங்கே போய்ச் சேரவும் முடியாது. ஆகவே எமக்குக் கார் என்பது சவாரிக்கான பொருளல்ல. மூன்று வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது.

இந்த ஒரு பிழையைக் கண்டுபிடிப்பதற்கிடையில் எமது கையிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட டொலர்கள் போயின. கடைசியில் பிழை இருந்தது ஒரு சிறிய வயரின் நுனியில். எம்மைப் போலப் புதிதாக வந்து பழைய கார் வாங்கி ஓடுகின்ற குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததையும் நாம் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலாவது வைத்தியம்

மறுநாள் வீட்டுக்குக் கிட்டவுள்ள கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் ஸ்கானரை மாட்டினார். ‘பி 2135’ என்று ஒரு குறியீடு வந்தது. ‘திறொட்டில் பழுது. முழுதாக மாற்ற வேண்டும்’ என்றார். ஐந்து நிமிடத்துக்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. சாமானும் கூலியும் வரியுமாக 880 டொலர். அம்மாவை இங்கே அழைப்பதற்கென்று மாதா மாதம் ஒதுக்கி வைத்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.

கார் நன்றாக ஓடியது. பதினொரு நாட்கள் ஓடியது. பன்னிரண்டாம் நாள், மீண்டும் ஈரத் தெரு, மீண்டும் ஒரு குழி, மீண்டும் அதே நொண்டல், அதே விளக்கு, அதே குறியீடு.

கராஜ்காரர் தாம் போட்ட சாமானில் பிழையில்லை என்றார். ‘அப்படியானால் கொம்பியூட்டர்தான் போயிருக்க வேண்டும். 1,450 டொலர் வரும்’ என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. எம்மிடம் அந்தப் பணம் இருக்கவில்லை.

வேலைத்தலத்தில் ஒருவர் சொல்லித்தான் அந்த அண்ணையிடம் போனோம். ஊரில் கராஜ் வைத்திருந்தவர். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களையும் மொறிஸ் மைனர்களையும் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் ஒருவர். இங்கே வந்து மீண்டும் படித்து, உரிமம் எடுத்து, சிறிய இடம் ஒன்றில் வேலை செய்கிறார். நாம் நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்டது இது:

“தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு தேர்மோமீற்றர் காட்டினால், தேர்மோமீற்றரை மாத்துவீரோ? அல்லது பிள்ளையை மாத்துவீரோ? ஏன் காய்ச்சல் எண்டெல்லோ பாக்கவேணும்!”

கம்பி போய் வயர் வந்த கதை

எமக்குப் பழக்கமான பழைய கார்களில் அக்ஸிலேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு உருக்குக் கேபிள் இருந்தது. காலால் மிதித்தால் கேபிள் இழுபடும், எஞ்சினுக்குக் காற்று விடும் வட்டத் தகடு திறக்கும். பிழை என்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது இறுகியிருக்கும். கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம்.

இன்று தெருவில் ஓடும் பெரும்பாலான கார்களில் அந்தக் கேபிள் இல்லை. நாம் மிதிப்பது ஒரு மின்சாதனத்தைத்தான். அதிலுள்ள சென்சர், கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதை வோல்ட் அளவாகக் கொம்பியூட்டருக்குச் சொல்கிறது. கொம்பியூட்டர் அதைப் பார்த்து, எஞ்சினில் இருக்கும் திறொட்டிலின் சிறிய மோட்டருக்குக் கட்டளை கொடுக்கிறது. மோட்டர் தகட்டைத் திறக்கிறது. தகடு உண்மையில் எவ்வளவு திறந்தது என்பதை அங்குள்ள வேறு சென்சர்கள் திருப்பிச் சொல்கின்றன. கட்டளையும் பதிலும் ஒத்துப்போகின்றனவா என்று கொம்பியூட்டர் இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான விடயம். பெடலில் ஒன்றல்ல, இரண்டு சென்சர்கள். திறொட்டிலிலும் இரண்டு. ஒரே செய்தியை இரண்டு சாட்சிகள் வேறு வேறு விதமாகச் சொல்வது போல இது. பல கார்களின் திறொட்டிலில் ஒன்றின் வோல்ட் ஏறும்போது மற்றதன் வோல்ட் இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஏறக்குறைய 5 வோல்ட் வரும். பெடலில் பெரும்பாலும் ஒன்று மற்றதன் இருமடங்காக இருக்கும். கணக்கு காருக்குக் கார் மாறலாம், ஆனால் தத்துவம் ஒன்றுதான்: இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகாவிட்டால் கொம்பியூட்டர் யாரையும் நம்பாது. மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். உள்ளேயுள்ள சுருள்வில் தகட்டைச் சற்றே திறந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும். கார் மெதுவாக ஊர்ந்து கரைக்குப் போவதற்கு மட்டும் அது போதும். இதை மெக்கானிக்குகள் ‘லிம்ப் மோட்’ என்பார்கள், நொண்டி ஓட்டம் என்று நாம் சொல்லலாம். கார் தானாக வேகமெடுத்துப் பாயாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. நடுத்தெருவில் எம்மை அந்தரிக்க விட்டாலும், அந்த இரவு கார் செய்தது தனக்குச் சொல்லிவைத்த பாதுகாப்பு வேலையைத்தான்.

இந்தச் சாட்சிகள் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ரொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுக்கின்றன என்ற முறைப்பாடுகளை அடுத்து, 2010இல் அமெரிக்க அரசு இந்த மின்முறையை ஆராயும்படி நாசா நிறுவனத்தின் பொறியியலாளர்களைக் கேட்டது. 2011 பெப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது. பெரும் வேகத்துக்கு மின்முறைதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். ஆனால் சில பழைய பெடல் சென்சர்களுக்குள், தகரப் பூச்சிலிருந்து மயிரைப் போன்ற மெல்லிய இழைகள் முளைத்து, இரண்டு இணைப்புகளைத் தொடுக்கக்கூடும் என்பதைக் கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை கூட இந்த விவகாரத்தில் பெரிய ஆள்தான்.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

கனடாவில் 1998 முதல் வந்த கார்களில் ஸ்ரேறிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட பிளக் ஒன்று இருக்கும். அதில்தான் ஸ்கானரை மாட்டுவார்கள். சாதாரண ஸ்கானர் ஒன்றை 30, 40 டொலருக்கு நாமே வாங்கலாம். திறொட்டில் சம்பந்தமாக அடிக்கடி வரும் குறியீடுகள் இவை:

பி 2122, பி 2123, பி 2127, பி 2128: பெடல் சென்சர் ஒன்றின் வோல்ட் மிகக் குறைவு அல்லது மிகக் கூட.

பி 2138: பெடலின் இரண்டு சென்சர்களும் ஒத்துப்போகவில்லை.

பி 0122, பி 0123, பி 0222, பி 0223: திறொட்டில் சென்சர் ஒன்றின் வோல்ட் மிகக் குறைவு அல்லது மிகக் கூட.

பி 2135: திறொட்டிலின் இரண்டு சென்சர்களும் ஒத்துப்போகவில்லை.

பி 2101, பி 2111, பி 2112, பி 2119: மோட்டர் அல்லது தகடு சொன்னபடி அசையவில்லை, இறுகி நிற்கிறது.

கவனித்தால் ஒன்று விளங்கும். இவற்றில் ஒன்றுகூட ‘இந்தச் சாமானை மாற்று’ என்று சொல்லவில்லை. இந்தப் பாதையில் வோல்ட் சரியில்லை என்று மட்டும்தான் சொல்கின்றன. பாதை என்றால் சென்சரும் அதில் அடங்கும், வயரும் அடங்கும், பிளக்கும் அடங்கும், ஏர்த்தும் அடங்கும். எமது கார் சொன்னது ‘திறொட்டிலின் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை’ என்பதே. கராஜ்காரர் அதை ‘திறொட்டில் பழுது’ என்று மொழிபெயர்த்தார். எமது 880 டொலர் போனது அந்த மொழிபெயர்ப்பில்தான்.

மீற்றர் சொன்ன உண்மை

அண்ணை கால் மணித்தியாலம் பொனற்றைத் திறக்கவே இல்லை. கேள்வி மட்டும் கேட்டார். எப்போது வருகிறது? மழையிலா, வெயிலிலா? எஞ்சின் சூடான பிறகா, முதலிலேயா? குழியில் விழும்போதா? வேறு விளக்கு ஏதும் எரிந்ததா? ஒவ்வொரு முறையும் ஈரமான நாளில், கார் குலுங்கும்போதுதான் வந்தது என்பது அப்போதுதான் எமக்கே தெரிந்தது. அண்ணை தலையை ஆட்டினார். “ஈரமும் குலுக்கமும் எண்டால் சாமானில்லைத் தம்பி, தொடுசல்.”

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது.

முதலில் பற்றறி. எஞ்சின் நிற்கும்போது 12.5 வோல்ட், ஓடும்போது 14.2. இரண்டும் சரி. பற்றறி இறங்கியிருந்தால் இந்த மின்முறை முழுவதும் தாறுமாறான குறியீடுகளைத் தரும் என்பதால், எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்றார்.

இரண்டாவது, குறியீடுகளை எழுதி வைத்தார். அழிக்கவில்லை. குறியீடு பதிவான கணத்தில் கார் எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்ற விபரத்தையும் கொம்பியூட்டர் சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அந்தச் சாட்சியமும் போய்விடும். எமது காரில் பெடல் பற்றிய குறியீடு ஒன்றும் இல்லை. ஆகவே பெடலையும் அதன் வயர்களையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைக்க முடிந்தது.

மூன்றாவது, எஞ்சினை ஓட விடாமல் திறப்பை மட்டும் போட்டு, ஸ்கானரில் இரண்டு சென்சர்களின் வோல்ட்டையும் பார்த்தார். ஒன்று 1.04. மற்றது 4.36. கூட்டினால் 5.40. எமது காரில் வரவேண்டியது 5.00. பிறகு பிளக்குக்குப் போகும் வயர்க் கட்டைக் கையால் மெதுவாக ஆட்டினார். இரண்டு இலக்கங்களும் ஒன்றாகத் துள்ளின. புதிய திறொட்டில், ஆனால் அதே பிழை.

இங்கேதான் அண்ணையின் அனுபவம் பேசியது. ஒரு சென்சர் மட்டும் பழுதென்றால் ஒரு இலக்கம்தான் மாறும். இரண்டும் ஒன்றாக மேலே போகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் பிழை. இரண்டு சென்சர்களுக்கும் பொதுவாக இருப்பவை இரண்டே வயர்கள்: 5 வோல்ட் கொண்டுவரும் வயரும், ஏர்த் வயரும். இங்கே ஏர்த்தை ‘கிரவுண்ட்’ என்று சொல்வார்கள்.

ஊரில் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். வாய்க்காலின் கடைசியில் வடிகால் அடைபட்டால் என்ன நடக்கும்? அடைப்பு இருப்பது ஓரிடத்தில், ஆனால் எல்லாப் பாத்தியிலும் நீர்மட்டம் உயரும். ஏர்த் வயர்தான் மின்சாரத்தின் வடிகால். அது அடைபட்டால் இரண்டு சென்சர்களின் வோல்ட்டும் உயரும்.

நான்காவதாக மல்ரிமீற்றரை எடுத்தார். திறொட்டில் பிளக்கில் ஆறு வயர்கள். இரண்டு மோட்டருக்கு. ஒன்று 5 வோல்ட். ஒன்று ஏர்த். மற்ற இரண்டும் சென்சர்களின் செய்தியைக் கொண்டுபோவன. பிளக்கைக் கழற்றாமல், அதன் பின்பக்கத்தால் மெல்லிய ஊசியைச் செருகி அளந்தார். 5 வோல்ட் வயரில் 5.0 இருந்தது. ஏர்த் முனையில், பற்றறியின் எதிர் முனையோடு ஒப்பிட்டால் 0.4 வோல்ட். நல்ல ஏர்த் என்றால் அது 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதே ஏர்த் வயரைக் கொம்பியூட்டர்ப் பக்கத்தில் அளந்தபோது 0.02. ஆக, அந்தப் பக்கத்திலிருந்து வயர் நல்லாக வருகிறது, பிளக்கின் முனைக்குப் போய்ச் சேருமுன் எங்கோ கெடுகிறது.

பிளக்கைப் பிரித்துப் பார்த்தோம். வயரின் செப்பு நுனியை உலோக முனைக்குள் வைத்து நசுக்கியிருக்கும் இடத்தில் பச்சை நிறப் பூச்சு. உப்புத் தண்ணீர் உள்ளே போய்ச் செம்பை அரித்திருந்தது. நாலைந்து இழைதான் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்போது எல்லாம் தெளிவாயிற்று. திறொட்டிலை மாற்றியபோது கராஜ்காரர் பிளக்கைக் கழற்றி மீண்டும் மாட்டினார். அந்த அசைவில் இழைகள் சற்று நன்றாகத் தொட்டுக்கொண்டன. அதனால்தான் பதினொரு நாட்கள் கார் ஓடியது. நோய் மாறவில்லை, நோயாளி சற்றுக் கண்ணயர்ந்தார். பிளக்கைக் கழற்றிவிட்டு வயரை மட்டும் ஓம் மீற்றரில் அளப்பவர்கள் இப்படிப்பட்ட பிழையைத் தவறவிடுவதும் இதனால்தான். கழற்றும்போதே பிழை ஒளிந்துவிடும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மாட்டியபடியே வோல்ட்டை அளக்க வேண்டும்.

வயர்களோடு கூடிய புதிய பிளக் ஒன்று 38 டொலருக்குக் கிடைத்தது. ஆறு வயர்களையும் ஒவ்வொன்றாக வெவ்வேறு இடத்தில் வெட்டி இணைத்து, சூட்டில் சுருங்கி ஒட்டும் குழாயால் மூடினார். வெறும் ரேப் சுற்றவில்லை. பனிக்காலத்தில் ரேப் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்றார். பிறகு ஸ்கானர் மூலம் திறொட்டிலின் ஆரம்ப நிலையைக் கொம்பியூட்டருக்கு மீண்டும் படிப்பித்தார். இரண்டு சென்சர்களையும் கூட்டினால் 5.00. வயரை ஆட்டினோம், இலக்கம் அசையவில்லை. புகையிரதப் பாதை குறுக்கிடும் தெருவொன்றில் நாலு முறை போய் வந்தோம். விளக்கு எரியவில்லை.

எல்லாமாக 160 டொலர். அதன் பின் ஒரு பனிக்காலம் முழுவதும் ஓடிவிட்டது.

“பழைய திறொட்டில் எங்கை?” என்று அண்ணை கேட்டார். நாம் வாங்கி வரவில்லை. வாங்க வேண்டும் என்று எமக்குத் தெரியாது. அது நல்ல சாமானாகவே இருந்திருக்கும்.

நீங்களே பார்க்கக்கூடியவை

மின்சார வேலை தெரியாதவர்கள் வயரில் கைவைக்க வேண்டாம். ஆனால் கராஜுக்குப் போவதற்கு முன் பின்வருவனவற்றை எவரும் பார்க்கலாம்.

1. பெடலுக்குக் கீழே பாருங்கள். பனிக்காலத்துக்கென்று போட்ட தடித்த றப்பர் விரிப்பு முன்னுக்கு நகர்ந்து பெடலைத் தடுக்கலாம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு விரிப்புப் போடாதீர்கள்.

2. பற்றறி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைத் தூள் இருக்கிறதா? இறுக்கமாக இருக்கின்றனவா? நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றறி, எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

3. ஒரு சிறு கொப்பி வையுங்கள். பிழை வந்த நாள், நேரம், காலநிலை, வேகம், எரிந்த விளக்கு ஆகியவற்றை எழுதுங்கள். மெக்கானிக்குக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

4. ஸ்கானர் இருந்தால் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அழிக்காதீர்கள்.

5. தகட்டில் கரி படிந்தாலும் கார் நொண்டலாம். அதைச் சுத்தம் செய்தாலே சில கார்கள் சரியாகிவிடும். ஆனால் திறப்புப் போட்டிருக்கும்போது தகட்டுக்குள் விரலை விடாதீர்கள். மோட்டர் திடீரென்று மூடினால் விரல் நசியும்.

6. மீற்றர் பிடிக்கத் தெரிந்தவர்களும் வயரின் உறையைக் குத்தி அளக்க வேண்டாம். அந்தத் துளையால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் அடுத்த வருடம் புதுப் பிழை தரும். மஞ்சள் உறைக்குள் போகும் வயர்கள் பெரும்பாலும் எயார் பாக்குக்கானவை. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயிரைக் குடிக்கும் வோல்ட் உள்ளவை. இரண்டையும் தொடவே கூடாது.

கராஜில் கேட்க வேண்டியவை

மொழி சரளமாக வராததால் நாம் பல இடங்களில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அன்றும் அதுதான் நடந்தது. இந்த மூன்று கேள்விகளை மட்டுமாவது கேளுங்கள், அல்லது பிள்ளைகளைக் கொண்டு கேட்பியுங்கள்.

இந்தச் சாமான்தான் பழுது என்று எப்படிக் கண்டீர்கள், என்ன அளந்தீர்கள்? 5 வோல்ட்டும் ஏர்த்தும் பிளக்கில் சரியாக இருக்கின்றனவா? புதிதாகப் போட்ட பின்னும் அதே பிழை வந்தால் என்ன செய்வீர்கள்?

நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார். பிழையைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு மணித்தியாலக் கூலி கேட்டால் அதைக் கொடுப்பதற்குத் தயங்காதீர்கள். நாமும் முதலில் ‘சும்மா பார்த்துச் சொல்லும்’ இடத்தைத் தேடித்தான் போனோம். சும்மா பார்த்தவர் ஐந்து நிமிடம்தான் பார்த்தார்.

ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். கடைசிக் கணக்கு அந்த மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. உங்கள் சம்மதமில்லாத வேலைக்குப் பணம் கேட்க முடியாது. கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்கலாம். போட்ட சாமானுக்கும் செய்த வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. மற்ற இடங்களில் இருப்பவர்கள் தங்கள் மாகாணத்தின் அல்லது நாட்டின் சட்டத்தைக் கேட்டறிந்து வைத்திருங்கள்.

தெருவில் நடந்தால்

கார் இழுக்காமல் விட்டால் பயப்படாதீர்கள். உடனே நான்கு பக்க எச்சரிக்கை விளக்கையும் போடுங்கள். கார் ஊரும் சக்தி இருக்கும்போதே கரைக்குக் கொண்டுபோங்கள். நின்ற பிறகு திறப்பை நிறுத்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் ஸ்ராட் பண்ணினால் பல தடவை ஓடும். ஆனால் அது திருத்தம் அல்ல. அடுத்த வெளிவாயிலால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிடுங்கள். ஓடும் பாதையிலேயே நின்றுவிட்டால், பட்டியைக் கழற்றாமல் 911ஐ அழையுங்கள்.

இதற்கு மாறாக, கார் தானாக வேகமெடுத்தால்: பிறேக்கை ஒரே பிடியாகப் பலமாக மிதியுங்கள், விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். கியரை நியூற்றலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் இரைந்தாலும் பரவாயில்லை, சில்லுக்குச் சக்தி போகாது. கரையில் நின்ற பிறகுதான் எஞ்சினை நிறுத்த வேண்டும். ஓடும்போது நிறுத்தினால் ஸ்ரேறிங்கும் பிறேக்கும் கனத்துவிடும். வீட்டில் கார் ஓடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

எமது 880 டொலர் திரும்பி வரவில்லை. அம்மாவின் விண்ணப்பம் சில மாதங்கள் பிந்தியது. ஆனால் அந்த 1,450 டொலரைக் கொடுக்காமல் தப்பினோம், வேலையும் தப்பியது. இந்த நாட்டில் எதையும் மாற்றுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஏன் பழுதானது என்று பார்ப்பவர்கள்தான் குறைவு. அப்படிப்பட்ட ஒருவரை உங்கள் ஊரில் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காரின் முன்பெட்டிக்குள் வைத்திருங்கள். என்றோ ஒரு பனி இரவில் உதவும்.